ஐம்பது பேருக்கான உப்பு

கேம்ப்பெல் பே, நிக்கோபார்
8.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கஸ்தூரி எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "எனக்கென்ன" என்பாய், அதனால் கேட்கவில்லை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. இந்தத் தீவில் போன் சிக்னல் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. வந்தாலும் உன்னோடு என்ன பேச முடிகிறது? "சாப்டியா?" "ஆச்சு." "அப்புறம்?" "சரி, வெச்சுடு." கடிதம் என்றால் ஒரு பக்கமாவது எழுதியாக வேண்டும் உனக்கு. உன் மாப்பிள்ளைக்கு இங்கே கலங்கரை விளக்கத்து வேலை பிடித்துவிட்டது. ராத்திரி அவர் விளக்கைப் பார்க்கிறார், பகலில் நான் கடலைப் பார்க்கிறேன்.

ஒரு காரியம் ஆக வேண்டும். நான் விட்டுவந்த சாரணர் குழுவை அறிவுமதி ஒருத்தியாக இழுத்துக்கொண்டிருக்கிறாள். வாரமெல்லாம் வேங்கிக்காலில் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏரிக்கரைத் தோப்பில் இருபது பிள்ளைகள். எங்கள் குழுவில் ஒரு சட்டம் உண்டு. எந்தக் கூட்டமானாலும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் பிள்ளைகளோடு தனியாக இருக்கக் கூடாது. ஒருவர்தான் வந்தார் என்றால் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியதுதான். நான் கிளம்பியதும் அந்த இரண்டாவது ஆளின் இடம் காலியாகிவிட்டது. நீ வா.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் என்று தொடங்காதே. கல்யாணப் பந்தி முடிந்து நீ வீடு திரும்பிய பிறகு, மூன்று மணிக்குத்தான் கூட்டம். கூடாரம், கயிறு, பாத்திரம் எல்லாம் உன் பொறுப்பு. பிள்ளைகள் அணி அணியாக அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள். அந்தப் பாத்திரத்தைப் பெரியவர்கள் தொடக் கூடாது. தீ, கத்தி, கொதிக்கிற தண்ணீர், இவற்றால் ஆபத்து என்றால் கை நீட்டலாம், ருசிக்காக நீட்டக் கூடாது. அவர்கள் சமைத்ததைப் பெரியவர்கள் கடைசியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எப்படி இருந்தாலும் தட்டைக் காலி செய்ய வேண்டும். அவர்களாகக் கேட்டால்தான் குறை சொல்லலாம்.

ஊரில் பாதிக் கல்யாணத்துக்குச் சமைத்த மாஸ்டரிடம் இதைச் சொல்வது தப்புத்தான். ஆனால் வேறு ஆள் இல்லை. மாட்டேன் என்று எழுதாதே, அந்தக் கடிதம் இங்கே வந்து சேராது.

அன்புத் தங்கை,
கஸ்தூரி


கேம்ப்பெல் பே
8.6.2025

அன்புள்ள அறிவுமதி,

நலம்தானே? பிள்ளைகள் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

இரண்டாவது பெரியவராக என் அண்ணன் சகாதேவனைக் கேட்டிருக்கிறேன். உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். அவர் சாப்பிடுவதில்லை. தனம் அண்ணி போய் இரண்டு வருஷமாகிறது. ஆயிரம் பேருக்குச் சமைத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து டீயும் பன்னும் தின்று படுத்துக்கொள்கிறார். அடுப்புப் புகையிலேயே வயிறு நிறைந்துவிடும் என்று சமையல்காரர்கள் சொல்வதுதான். ஆனால் அண்ணி இருந்தவரை அவள் கைச் சோற்றுக்கு ஓடி ஓடி வருவார். நான் ஊரில் இருந்தபோது தினமும் டப்பா கட்டி அனுப்பினேன். பாதி நாள் தெரு நாய் சாப்பிட்டது எனக்குத் தெரியும்.

தங்கை சொன்னால் கேட்க மாட்டார். சட்டம் என்றால் கட்டுப்படுவார். வாரத்தில் ஒரு வேளையாவது நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடட்டும் என்றுதான் இதைச் செய்கிறேன். தட்டு காலியானதா என்று எனக்கு எழுது. இது அவருக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் அந்த ஒரு வேளையும் போய்விடும்.

அன்புடன்,
கஸ்தூரி அக்கா


அடி அண்ணாமலை
30.6.2025

அன்புத் தங்கை கஸ்தூரிக்கு அண்ணன் சகாதேவன் எழுதிக்கொண்டது. நான் சவுக்கியம். நீயும் மாப்பிள்ளையும் சவுக்கியமாக இருக்க அண்ணாமலையான் துணை.

நீ எனக்குச் செய்தது துரோகம். முப்பது வருஷமாக நான் ஒரு குரல் கொடுத்தால் பத்து ஆள் எழுந்து நிற்பான். உன் அறிவுமதி என்னை ஒரு நாள் முழுக்கப் பெஞ்சில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள். பிள்ளைகளை அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது, தனியாகக் கூட்டிப் போகக் கூடாது, அவர்கள் வேலையைப் பிடுங்கிச் செய்யக் கூடாது. எல்லாவற்றுக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கழுத்தில் ஒரு ஸ்கார்ப் கட்டிவிட்டாள். என் உதவி ஆள் காசி அதைப் பார்த்துவிட்டு, "இன்னா மாஸ்டர், சளி புடிச்சிக்கிச்சா?" என்று கேட்டான்.

முதல் ஞாயிறே உப்புமா. மைனா அணி என்று ஆறு பெண் பிள்ளைகள், அதற்குத் தலைவி பூஜா. பதிமூன்று வயசு, முருகவேல் பெண். கடுகு வெடிக்கும் முன்பே ரவையைக் கொட்டியது. நான் என்னை மறந்து "ஏய்" என்றேன். அறிவுமதி திரும்பிப் பார்த்தாள்.

"மாஸ்டர், ஆபத்தா?"

"ஆபத்து இல்லம்மா, உப்புமா."

"அப்ப கைய பின்னாடி கட்டிக்குங்க."

கட்டிக்கொண்டேன். இருபது பிள்ளைகள் சாப்பிட்ட பிறகு எனக்குத் தட்டு வந்தது. அந்த உப்புமாவைச் சுவருக்குப் பூசினால் பத்து மழைக்குத் தாங்கும். சட்டமாயிற்றே, மென்று விழுங்கினேன். பூஜா தூரத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள உறவு உனக்குத் தெரியும். அப்படி இருக்க இப்படி ஒரு தண்டனையா?

உங்கள் சாமான் அறை இருக்கும் லட்சணத்துக்கு அதைப் பூட்டியே வைத்திருக்கலாம். கயிறெல்லாம் சிக்கு, கூடாரத்தில் எலி. அதை மட்டும் ஒழுங்குபண்ணிக் கொடுத்துவிட்டு நின்றுகொள்கிறேன். அதற்குள் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். கடல் பக்கம் தனியாகப் போகாதே.

அண்ணன்,
சகாதேவன்


திருவண்ணாமலை
20.7.2025

அன்புள்ள கஸ்தூரி அக்காவுக்கு,

வணக்கம். நானும் பிள்ளைகளும் நலம். உங்கள் இருவர் நலமும் அறிய விரும்புகிறேன்.

நீங்கள் கேட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். இதுவரை எல்லா வாரமும் தட்டு காலி. உப்புமா, கஞ்சி, கருகின வெண்பொங்கல், எதையும் மிச்சம் வைக்கவில்லை. ஆனால் யாராவது இரண்டாவது முறை கரண்டியோடு வந்தால் தட்டைக் கையால் மறைத்துக்கொள்கிறார்.

நின்றுகொள்கிறேன் என்று வாராவாரம் சொல்கிறார். வாராவாரம் எனக்கு முன்னால் வந்து தோப்பில் நிற்கிறார். கூடாரத்துக் கிழிசல்களைச் சாக்கு ஊசியால் அவரே தைத்துவிட்டார். கயிறுகளை நீளவாரியாகச் சுருட்டி ஆணியில் மாட்டியிருக்கிறார்.

ஆனிப் பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் நம் குழு தண்ணீர் கொடுத்தது. கூட்டத்தில் தொலைந்த ஒரு குழந்தை மாஸ்டரிடம் வந்து சேர்ந்தது. அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போலீஸ் பந்தலுக்கு நாலு எட்டு வைத்தவர் நின்றுவிட்டார். "அறிவு, நீயும் கூட வா. சட்டம்" என்று கூப்பிட்டார். நான் சொல்லாமலே செய்தார் அக்கா. எனக்கு அன்று மனசு நிறைந்துவிட்டது.

மாமாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
அறிவுமதி


கேம்ப்பெல் பே
10.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே மழை கொட்டுகிறது, மற்றபடி சுகம். உன் மாப்பிள்ளைக்கு லேசாகக் காய்ச்சல் வந்து போய்விட்டது.

துரோகி என்று எழுதியதைப் படித்து இரண்டு பேரும் சிரித்தோம். நின்றுகொள்கிறேன் என்றாயே, நின்றுவிட்டாயா? பதிலைக் காணவில்லையே என்று கேட்கிறேன், வேறொன்றுமில்லை. இந்த ஊரில் எனக்கும் பொழுது போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் என்ன சமைத்தார்கள், எப்படி இருந்தது என்று விவரமாக எழுது. என்னிடம் குறை சொன்னால் சட்டத்தை மீறியதாகாது.

அன்புத் தங்கை,
கஸ்தூரி


அடி அண்ணாமலை
31.8.2025

அன்புத் தங்கை கஸ்தூரிக்கு,

நான் நலம். மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்தாய். மிளகு ரசம் வைத்துக் கொடு, மிளகைப் பொடிக்காதே, தட்டிப் போடு.

நிற்கவில்லை. எப்படி நிற்பது? நான் போய்விட்டால் கூடாரத்தை மறுபடியும் ஈரத்தோடு மடித்து வைத்துவிடுவார்கள்.

சாப்பாட்டைக் கேட்டிருந்தாய். போன மாதம் ஒரு நாள் ரசம் வைத்தார்கள். வாயில் வைத்தால் புளி பச்சையாக அடிக்கிறது. நான் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு குடித்தேன். பூஜா நேராக வந்து எதிரே உட்கார்ந்தது.

"மாஸ்டர், இன்னா கொறை?"

"நீ கேக்கறியா?"

"கேக்கறேன்."

"புளித்தண்ணி நல்லா கொதிச்சப்புறம் மத்தத போடு."

"அவ்ளோதானா?"

"இன்னிக்கு அவ்ளோதான்."

அதற்குப் பிறகு எல்லா வாரமும் இதே கதை. வாரத்துக்கு ஒரு குறை கேட்கும், ஒன்றுதான் சொல்வேன். என்னிடம் பத்து வருஷமாக வேலை பார்க்கும் ஆளுக்குக் கூட ஒரு தடவை சொன்னது மண்டையில் ஏறாது. இந்தப் பெண்ணுக்கு ஏறுகிறது. போன வாரச் சாம்பாரில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போய்விட்டது. அதற்கு ஏமாற்றம், ஏதாவது சொல்லுங்கள் என்று நச்சரித்தது. வெங்காயம் பெரிசு என்று சும்மா சொல்லிவைத்தேன்.

செப்டம்பர் பதினாலாம் தேதி வேங்கிக்கால் மைதானத்தில் எல்லாக் குழுக்களும் கூடுகிற விழா. சமையல் போட்டி உண்டு. எட்டுப் பேருக்குச் சாம்பார் சாதம், மைனா அணி இறங்குகிறது. அந்தப் பிள்ளைகள் ஜெயித்துவிடும் கஸ்தூரி. நான் சொல்கிறேன் என்று எழுதி வைத்துக்கொள். என் வேலை தண்ணீரும் விறகும் கொண்டுபோய் வைப்பது மட்டும். ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிவிட்டேன்.

அண்ணன்,
சகாதேவன்


அடி அண்ணாமலை
19.9.2025

அன்புத் தங்கைக்கு,

நலம். விழா முடிந்தது. மைனா அணிக்குப் பரிசு இல்லை. சாம்பாரில் உப்பு கொஞ்சம் ஜாஸ்தி ஆகிவிட்டது.

இனி வரிசையாக முகூர்த்தம் இருக்கிறது. குழுவுக்குப் போக நேரம் இருக்காது. கடிதம் எழுதவும் இருக்காது. உடம்பைப் பார்த்துக்கொள்.

சகாதேவன்


கேம்ப்பெல் பே
6.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு பேரும் நலம். உன் கடிதம் வந்தது. அதைக் கடிதம் என்பதைவிடத் தந்தி என்று சொல்லலாம்.

புரட்டாசி மாசத்தில் எந்த ஊரில் அண்ணா வரிசையாக முகூர்த்தம்? முப்பது வருஷமாகப் புரட்டாசி வந்தால் அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்குகிற ஆள் நீ. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சமையல்காரன் நீ, உனக்கே அது வரவில்லையே.

உப்பு ஜாஸ்தி "ஆகிவிட்டது" என்கிறாய். உப்பு தானாக நடந்து வந்து பாத்திரத்தில் இறங்கியதா? என்ன நடந்தது என்று எழுது. நான் திட்ட மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோப்புக்குப் போ அண்ணா.

கஸ்தூரி


திருவண்ணாமலை
8.10.2025

அன்புள்ள கஸ்தூரி அக்காவுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம் என்று எழுத ஆசை, ஆனால் இந்த முறை அப்படி எழுத முடியவில்லை.

போட்டி அன்று மைனா அணியின் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் தண்ணீர்க் குடத்தை இறக்கிவிட்டு அடுப்புகளுக்கு நடுவே திரும்பி வந்தார். நான் வேறு பக்கம் இருந்தேன். நடுவர் வந்து ஒரு வாய் வைத்ததும் முகம் சுளித்து, உப்புப் போட்டது யார் என்று கேட்டார். பூஜா எழுந்து, "நான்தான் சார், கை தவறிடுச்சு" என்றாள். மற்ற பிள்ளைகளால் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட முடியவில்லை. மாஸ்டர் தட்டு முழுவதையும் சாப்பிட்டார். தன் வலது கையைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார்.

திரும்பும்போது பாதி வழியில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். "அறிவு, அது அந்தப் பொண்ணு போட்ட உப்பு இல்ல. அம்பது பேரு உப்பு அது. என் கை உப்பு. கொதி வாசனைல உப்பு கம்மின்னு தோணிச்சு, கை தானா போயிருக்குது. எனக்கே தெரில" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்து போய்விட்டார்.

அதன் பிறகு அவர் வரவில்லை. மூன்று ஞாயிறாகப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இருபது பேரும் யூனிபாரம் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார்கள், நான் வீட்டுக்குப் போகச் சொல்கிறேன். மாஸ்டரைப் பார்க்க இரண்டு முறை போனேன். மாஸ்டர் இல்லை என்று கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. பேசியது மாஸ்டர்தான். இப்போது பன் வாங்கக்கூட அவர் கடைக்குப் போவதில்லை என்று காசி சொன்னார். இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு அண்ணன் சாப்பிட வேண்டும். எனக்குப் பிள்ளைகளுக்கு இரண்டாவது பெரியவர் வேண்டும். பூஜாவின் அப்பா முருகவேல் வருவதாகச் சொல்கிறார். அவரைச் சேர்த்துக்கொண்டால் மாஸ்டரின் இடம் போய்விடும், மாஸ்டர் திரும்பி வரவே மாட்டார் என்று பயப்படுகிறேன். நீங்கள்தான் குழுத் தலைவர், நீங்களே சொல்லுங்கள்.

அன்புடன்,
அறிவுமதி


கேம்ப்பெல் பே
24.10.2025

அன்புள்ள அறிவுமதி,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். தீபாவளிக்கு இங்கே ஒன்றும் செய்யவில்லை.

முருகவேலைச் சேர்த்துக்கொள். ஒரு நாள் பாடம் நடத்து, கையெழுத்து வாங்கு, ஆரம்பி. பிள்ளைகள் வாசல்வரை வந்து திரும்பக் கூடாது. அண்ணன் என் பொறுப்பு. அந்தப் பொறுப்பைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றியது நான் செய்த தப்பு. நீ செய்ததில் ஒரு குறையும் இல்லை.

அவருக்கு என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. நாலு முறை உட்கார்ந்துவிட்டு எழுந்துவிட்டேன்.

கஸ்தூரி அக்கா


அடி அண்ணாமலை
13.11.2025

அன்புத் தங்கை கஸ்தூரிக்கு அண்ணன் எழுதிக்கொண்டது.

நான் சவுக்கியம். இந்த முறை நிஜமாகவே சவுக்கியம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? உன்னிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. கோபம் என்று தெரிகிறது. புரட்டாசிக் கணக்கில் உன்னிடம் மாட்டிக்கொள்வேன் என்று எழுதும்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அறிவுமதி உனக்கு எல்லாம் எழுதியிருப்பாள். நான் மறுபடியும் எழுதவில்லை. அதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன்.

போன மாதம் பன்னிரண்டாம் தேதி ஞாயிறு சாயங்காலம் தெருவில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால் பூஜாவும் இன்னும் நாலு பிள்ளைகளும் யூனிபாரத்தோடு ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையாக நிற்கிறார்கள். "உள்ள வாங்க" என்றேன்.

"வர மாட்டோம் மாஸ்டர். நீங்க ஒருத்தர்தான இருக்கீங்க" என்றது பூஜா.

சட்டம். ஆகவே பேச்சு முழுவதும் ரோட்டைத் தாண்டிக் கத்திக் கத்தித்தான் நடந்தது. நடுவில் பஸ் போனால் நிறுத்திக்கொள்வோம். பெட்டிக்கடை வெள்ளையம்மாள் வியாபாரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உப்பு போட்டது நான்தாம்மா" என்றேன்.

"தெரியும் மாஸ்டர். பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் நீ போட்டன்னு சொன்ன?"

"பாத்திரம் எங்களுது. அணித் தலைவர் நானு. டப்பாவ மூடாம வெச்சது எங்க தப்பு."

"தப்பு என்னுதும்மா."

"உங்க தப்பு அது இல்ல மாஸ்டர். உப்பு ஜாஸ்தியானா ஒரு வேளை சாப்பாடு போச்சு. நீங்க வராம இருபது பேருக்கு நாலு வாரம் போச்சு. அதான் உங்க தப்பு."

கஸ்தூரி, தனம் போன அன்றுகூட நான் தெருவில் நின்று அழுததில்லை, அன்று அழுதுவிட்டேன். வெள்ளையம்மாள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "போய்யா, புள்ளைங்க கூப்புடுதுங்க இல்ல" என்றாள்.

அடுத்த ஞாயிறு போனேன். அணித் தலைவர்கள் எல்லாம் கூடி உட்கார்ந்து எனக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். சமையல் நேரத்தில் மாஸ்டர் அடுப்புப் பக்கம் நடந்தால் இரண்டு கையிலும் தண்ணீர் வாளி இருக்க வேண்டும். தீப்பிடித்தால் அணைக்கவும் ஆச்சு, கை சும்மா இல்லாமலும் ஆச்சு. இப்போது வாளியும் கையுமாகத்தான் சுற்றுகிறேன். காசியிடம் சொன்னேன். கல்யாண வீட்டிலும் இதையே செய்தால் என்ன மாஸ்டர் என்கிறான் படவா.

இந்த மாதம் ஒன்பதாம் தேதி முருகவேல் வந்து சேர்ந்தார். நீதான் சேர்க்கச் சொன்னாய் என்று அறிவுமதி சொன்னாள். சரியான காரியம் செய்தாய். "மாஸ்டர், இப்ப மூணு பேர் ஆயிட்டோம். நீங்க ஒரு வாரம் வரலன்னாலும் கூட்டம் நடக்கும்" என்றாள். நல்ல செய்திதான். ஆனாலும் "நடக்கட்டும், நான் வருவேன்" என்று சொல்லிவிட்டேன்.

அன்று ரசம். நன்றாக இருந்தது என்று எழுதினால் குறைத்துச் சொன்னதாகும். கரண்டியோடு வந்தார்கள், இரண்டாவது தடவை வாங்கிக் குடித்தேன். உடனே அறிவுமதி முகம் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைக்கிறாள். தங்கையே, என்னை எதற்கு இந்தக் குழுவில் மாட்டிவிட்டாய் என்று எனக்குத் தெரியாது என்றே நினைத்துக்கொண்டிரு. எனக்கு ஒன்றும் தெரியாது.

கேட்க வேண்டியதைக் கடைசியில் கேட்கிறேன், சிரிக்காதே. நேற்று புதன்கிழமை. குழு இல்லை, கல்யாணம் இல்லை. மத்தியானம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது பசித்தது. நல்ல பசி. டீ குடித்தும் அடங்கவில்லை. சரி, ஒரு ரசம் வைத்துச் சோறு வடித்துக்கொள்ளலாம் என்று எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன். புளிப் பானையில் கையை விட்டேன், அப்படியே நின்றுவிட்டேன். எவ்வளவு எடுப்பது? எனக்குத் தெரிந்த கணக்கு ஐம்பது பேரில்தான் ஆரம்பிக்கிறது. அதற்குக் கீழே கை போகாது. வீட்டுச் சமையல் எப்போதும் தனம்தான். நேற்று வைத்த ரசத்தைத் தெருவுக்கே ஊற்றினேன், இன்னும் இருக்கிறது.

ஒரு ஆளுக்கு ரசம் வைக்க எவ்வளவு புளி, எவ்வளவு உப்பு? தெரிந்தால் எழுது.

அண்ணன்,
சகாதேவன்


கேம்ப்பெல் பே
28.11.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். நீ நலம் என்று எழுதியிருந்தாய், முதல் தடவையாக நம்புகிறேன். உன் கடிதத்தை மாப்பிள்ளை ஒரு முறை உரக்கப் படித்தார், நான் பல முறை படித்தேன். கோபம் இல்லை அண்ணா. எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

தீபத்துக்கு நம் குழு பாதையில் நிற்கும், உனக்கும் வேலை சரியாக இருக்கும். குளிராக இருக்கும், மப்ளர் கட்டிக்கொள். பூஜாவுக்கு நன்றியை நான் நேரில் வந்து சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு ஆளுக்குக் கணக்கு கேட்டிருக்கிறாய். எனக்கும் தெரியாது. நான் ஒரு ஆளுக்கு என்று சமைத்ததே இல்லை, நீயும் இனிமேல் அப்படிப் பழக வேண்டாம். மாப்பிள்ளைக்கு மாற்றல் வந்துவிட்டது. பொங்கலுக்கு முன்னால் ஊருக்கே வந்துவிடுகிறோம். எங்கள் வீட்டைத் திறந்து, சாமான் இறக்கி, அடுப்பு வைக்கப் பத்து நாளாகும். அதுவரை உன் வீட்டில்தான் சாப்பாடு.

அதனால் மூன்று பேருக்குச் சொல்கிறேன். எலுமிச்சம்பழத்தில் பாதி அளவு புளி. தக்காளி இரண்டு. மிளகு, சீரகம் ஒவ்வொரு ஸ்பூன். புளித்தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு மற்றதைப் போட வேண்டும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. அடுப்பை மட்டும் பற்றவைத்து வை. உப்பை நான் வந்து போடுகிறேன்.

உன் தங்கை,
கஸ்தூரி